ஓட்டமில்லாத அழுத்தம்

ஜெனரல் மோட்டார்ஸ் 1973 முதல் 1987 வரை தயாரித்த செவ்ரோலே சி/கே வரிசை பிக்கப்களை அமெரிக்கர்கள் ‘ஸ்கொயர் பாடி’ என்பார்கள். அதே உடற்கட்டில் பிளேசரும் சபர்பனும் 1991 வரை வந்தன. பண்ணைகளிலும் சிற்றூர்களிலும் இவற்றில் பல இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. இவற்றின் ஹீட்டர் விசிறிச் சுற்றில் கணினிக்கு வேலையே இல்லை. ஒரு ஃப்யூஸ், ஒரு ஸ்விட்ச், சில மின்தடைச் சுருள்கள், ஏ.சி. உள்ள வண்டியானால் ஒரு ரிலே, ஒரு மோட்டார், ஒரு எர்த் கம்பி. அவ்வளவுதான். இருந்தும் பழைய பிக்கப்களில் மிக அதிகமாகத் தவறாகப் பழுதுபார்க்கப்படும் சுற்றுகளில் இதுவும் ஒன்று. சாவியைத் திருப்பிய பின் தொடர்ந்து ஓடும் சுமைகளில் இந்த விசிறி பெரியது. இரண்டு ஹெட்லைட்டுகளும் சேர்ந்து ஏறத்தாழ 10 ஆம்பியர் எடுக்கும், ஏ.சி. வண்டியின் விசிறி மோட்டார் ஒன்றே முழு வேகத்தில் 15 ஆம்பியர் வரை எடுக்கும், சில வேளை அதையும் தாண்டும். நாற்பது வருடம் வெயிலும் பனியும் சாலை உப்பும் பார்த்த இணைப்புகள் வழியாக அவ்வளவு மின்னோட்டம் போக வேண்டியிருக்கிறது.

வெப்பநாட்டில் வாழ்பவருக்கு ஹீட்டர் ஒரு சொகுசாகத் தோன்றலாம். மினசோட்டாவிலோ வடக்கு டகோட்டாவிலோ ஜனவரி மாதத்தில் அது பார்வை சம்பந்தப்பட்ட விஷயம். ஓட்டுநரின் மூச்சிலுள்ள ஈரம் முன்கண்ணாடியின் உட்புறத்தில் படிந்து உறைந்துவிடும். அதை உருக்கக் கண்ணாடியின் அடியிலிருந்து சூடான காற்று வீசியாக வேண்டும். அமெரிக்காவின் கூட்டாட்சி வாகனப் பாதுகாப்பு விதிகளில் 103ஆம் எண் விதி முழுக்க முழுக்க இந்தக் கண்ணாடித் தெளிவைப் பற்றியதே. விசிறி நின்றால் வண்டி நிற்காது, ஓட்டுபவருக்கு வழி தெரியாது.

வெப்பத்தை உண்டாக்குவது விசிறியல்ல. என்ஜினைக் குளிர்விக்கும் நீர் 90 டிகிரி செல்சியஸ் அளவில் சூடேறி, டாஷ்போர்டுக்குள் இருக்கும் சிறிய ரேடியேட்டர் ஒன்றின் வழியாகச் சுற்றி வருகிறது. விசிறி அதன் ஊடாகக் காற்றைத் தள்ளுகிறது. ஆகவே முதலில் பிரித்தறிய வேண்டியது இதைத்தான்: காற்று வருகிறது, ஆனால் குளிர்ந்து வருகிறது என்றால் கோளாறு நீரில், தெர்மோஸ்டாட்டில், அல்லது காற்றைத் திருப்பும் கதவுகளில். காற்றே வரவில்லை, அல்லது ஒரு வேகத்தில் மட்டும் வருகிறது என்றால்தான் வயரிங்கைத் தொட வேண்டும். மோட்டார் சுற்றும் ஓசை கேட்டும் காற்று வராவிட்டால், காற்றறைக்குள் உதிர்ந்த இலையோ எலிக்கூடோ அடைத்திருக்கும். முன்கண்ணாடிக்கு அடியிலுள்ள திறப்பு வழியாக இலைகள் விழுந்து சேர்வது இந்த வண்டிகளில் வெகு சாதாரணம்.

மின்னோட்டம் போகும் பாதையை மனதில் வரைந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. பேட்டரியிலிருந்து கிளம்பும் கம்பி, ஸ்டீயரிங் தண்டின் மேல் பொருத்தப்பட்ட இக்னிஷன் ஸ்விட்ச் வழியாக, டாஷ்போர்டின் இடப்பக்க அடியிலுள்ள ஃப்யூஸ் பெட்டிக்கு வருகிறது. அங்கே ஹீட்டருக்கென்று ஒரு ஃப்யூஸ். அதைக் கடந்து, டாஷ்போர்டிலுள்ள விசிறி ஸ்விட்சுக்கு வருகிறது. ஸ்விட்சிலிருந்து வேகத்துக்கு ஒன்றாகக் கம்பிகள் பிரிந்து, ஓட்டுநர் அறையை என்ஜினிலிருந்து பிரிக்கும் ஃபயர்வாலைத் தாண்டி என்ஜின் அறைக்குள் செல்கின்றன. அங்கே பயணியின் பக்கத்தில், விசிறிக் கூட்டின் மேல், ரெசிஸ்டர் பலகை உட்கார்ந்திருக்கிறது. அதிலிருந்து ஊதா நிறக் கம்பி ஒன்று மோட்டாருக்குப் போகிறது. மோட்டாரிலிருந்து கறுப்புக் கம்பி வண்டியின் உடலில் எர்த் ஆகிறது. விசிறிக் கூடு உலோகமாக இல்லாததால் மோட்டாருக்கு அந்த ஒற்றைக் கறுப்புக் கம்பியை விட்டால் திரும்பும் வழி கிடையாது. பழுது தேடுகிறவர்கள் பெரும்பாலும் கடைசியாகப் பார்ப்பது அந்தக் கம்பியைத்தான்.

வேகங்கள் எப்படி உண்டாகின்றன என்பது தெரிந்தால் அறிகுறிகளைப் படிக்க முடியும். ரெசிஸ்டர் பலகையில் திறந்த கம்பிச் சுருள்கள் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. நிக்கலும் குரோமியமும் கலந்த உலோகக் கம்பிக்கு 1906இல் ஆல்பர்ட் மார்ஷ் காப்புரிமை பெற்ற நாளிலிருந்து, சூட்டைத் தாங்கி மின்னோட்டத்தைத் தடுக்கும் இத்தகைய சுருள்கள் இஸ்திரிப் பெட்டி வரை பரவிவிட்டன. குறைந்த வேகத்தில் மின்னோட்டம் எல்லாச் சுருள்களையும் கடக்கிறது. நடு வேகத்தில் சிலவற்றை விட்டுவிடுகிறது. முழு வேகத்தில் ஒன்றையும் தொடாமல் நேரே மோட்டாருக்குப் போகிறது. குறைந்த வேகத்தில் 5 ஆம்பியர் ஓடி, சுருள்களில் 8 வோல்ட் இழக்கப்படுகிறது என்று கொண்டால், அங்கே 40 வாட் வெப்பம் பிறக்கிறது. அந்த வெப்பத்தை அகற்றத்தான் சுருள்களை விசிறியின் காற்றோட்டத்துக்குள் நீட்டி வைத்திருக்கிறார்கள். இலைகள் அடைத்தோ மோட்டார் இறுகியோ காற்று குறைந்தால் சுருள் பழுத்துச் சிவந்து, ஒரு நாள் அறுந்துபோகும். அறுந்த ரெசிஸ்டரை மாற்றிவிட்டு, அறுந்ததன் காரணத்தைப் பார்க்காமல் விட்டால் புதியதும் அதே கதிக்கு ஆளாகும்.

ஏ.சி. உள்ள வண்டிகளில் பாதை சற்று மாறுகிறது. பெரிய மோட்டாரின் முழுச் சுமையையும் ஸ்விட்ச் தாங்காது என்பதால், முழு வேகத்துக்குத் தனி ரிலே ஒன்று உண்டு. ஸ்விட்சை முழு வேகத்தில் வைத்தால் அது ரிலேயின் சுருளை மட்டும் தூண்டும். ரிலே, ஃபயர்வாலிலுள்ள சந்திப்பு முனையிலிருந்து நேரே வரும் தடித்த கம்பியை மோட்டாரோடு சேர்க்கும். அந்தக் கம்பிக்கென்று வழியில் தனி ஃப்யூஸ் ஒன்று, ஃப்யூஸ் பெட்டியில் இல்லாமல் என்ஜின் அறையில் தொங்குகிறது. குறைந்த வேகமும் நடு வேகமும் வேலை செய்து, முழு வேகத்தில் மட்டும் விசிறி நின்றுபோனால் முதலில் அந்த ஃப்யூஸையும் அதன் உறையையும் பார்க்க வேண்டும். உறைக்குள் துரு ஏறி, ஃப்யூஸ் நன்றாகவே இருந்தும் மின்னோட்டம் தடைபடுவது உண்டு.

முழு வேகம் மட்டும் வேலை செய்து மற்றவை செத்திருந்தால் ரெசிஸ்டர் போய்விட்டது என்று உடனே தீர்ப்பு எழுதுவார்கள். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் ஏ.சி. வண்டியில் குறைந்த வேகத்தின் மின்னோட்டமும் ரிலே வழியாகத்தான் மோட்டாரை அடைகிறது. ரிலே ஓய்வில் இருக்கும்போது மூடியிருக்கும் தொடுமுனை ஒன்று ரெசிஸ்டரையும் மோட்டாரையும் இணைக்கிறது. அந்த முனை கருகிப்போனால் ரெசிஸ்டர் முழு ஆரோக்கியத்தோடு இருந்தும் குறைந்த வேகங்கள் எல்லாம் இல்லாமல் போகும். ஒரே அறிகுறிக்கு இரண்டு காரணங்கள் இருக்கும் இடம் இது. கடையில் ரெசிஸ்டர் மலிவாகக் கிடைக்கிறது என்பது அதை முதலில் வாங்குவதற்கான காரணமாக முடியாது. ஓம்மீட்டரை வைத்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். நல்ல சுருள்கள் ஓர் ஓமைச் சுற்றியோ அதற்கும் கீழோ காட்டும். அறுந்தது ஒன்றும் காட்டாது. மீட்டரின் முனைக் கம்பிகளுக்கே 0.2 ஓம் வரை தடை இருக்கக்கூடும் என்பதால், அவை இரண்டையும் ஒன்றோடொன்று தொடவைத்து வரும் எண்ணைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

இந்தச் சுற்றில் அதிகம் பேரை ஏமாற்றுவது மல்டிமீட்டர் காட்டும் 12 வோல்ட். மோட்டாரின் கனெக்டரைக் கழற்றி, ஊதாக் கம்பியின் முனையில் மீட்டரை வைக்கிறார்கள். 12.4 என்று காட்டுகிறது. ‘கரண்ட் வருகிறது, மோட்டார்தான் போய்விட்டது’ என்று முடிவு கட்டுகிறார்கள். புது மோட்டார் வாங்கிப் பொருத்தினாலும் அது சுற்றுவதில்லை. மீட்டர் பொய் சொல்லவில்லை; கேட்ட கேள்வி தவறு. டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்தடை பொதுவாக 10 மெகாஓம். 12 வோல்ட்டில் அது எடுக்கும் மின்னோட்டம் ஏறத்தாழ ஒரு மைக்ரோஆம்பியர். பத்தொன்பது இழைக் கம்பியில் பதினெட்டு இழைகள் அறுந்து ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தாலும், களிம்பேறிய இணைப்பில் ஆயிரம் ஓம் தடை இருந்தாலும், அந்த ஒரு மைக்ரோஆம்பியர் தாராளமாகக் கடந்துவிடும். இழப்பு ஒரு மில்லிவோல்ட் அளவுதான். மீட்டர் முழு அழுத்தத்தையும் காட்டும். மோட்டாருக்குத் தேவைப்படுவது அதைப் போல ஒரு கோடி மடங்கு மின்னோட்டம். அணையில் நீர்மட்டத்தை அளந்துவிட்டு, வாய்க்கால் தூர்ந்திருப்பதைப் பார்க்காமல் கடைமடைக்குத் தண்ணீர் வரும் என்று சொல்வதைப் போன்றது இது.

மின்னோட்டம், மின்னழுத்தம், மின்தடை மூன்றுக்கும் உள்ள உறவை கெயோர்க் ஓம் 1827இல் எழுதி வைத்தார். இணைப்பில் இழக்கப்படும் அழுத்தம் அதன் வழியே ஓடும் மின்னோட்டத்தைப் பொறுத்தது. ஓட்டமில்லாதபோது இழப்புமில்லை. எனவே சுமை இல்லாமல் எடுத்த அளவு பேட்டரி வரை கம்பி எங்கோ மெலிதாகவேனும் தொட்டுக்கொண்டிருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். அந்தத் தொடுகை மோட்டாரைச் சுமக்குமா என்பதைச் சொல்லாது. 3 வாட் பல்பு பொருத்திய டெஸ்ட் லேம்ப் 0.25 ஆம்பியர் எடுப்பதால் அது மீட்டரைவிட ஒரு படி மேல். ஆனால் ஓர் ஓம் தடையுள்ள மோசமான இணைப்பில் அதற்குக் கால் வோல்ட்தான் இழப்பு. விளக்கு வழக்கம்போலவே எரியும். அதே இடத்தில் 55 வாட் ஹெட்லைட் பல்பை இணைத்தால் மூன்று வோல்ட்டுக்கு மேல் பறிபோகும். பல்பு மங்குவது கண்ணுக்கே தெரியும். பழைய ஹெட்லைட் பல்பு ஒன்றில் இரண்டு கம்பிகளைப் பற்றவைத்து வைத்துக்கொண்டால், விலை உயர்ந்த மீட்டரைவிட இந்தச் சுற்றில் அதிகம் பயன்படும்.

இன்னும் சிறந்த முறை, எதையும் கழற்றாமல் மோட்டாரையே சுமையாக வைத்து அளப்பது. விசிறியை முழு வேகத்தில் போட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நேர்முனையிலும் மற்றொன்றை மோட்டாரின் ஊதாக் கம்பி முனையிலும் வைக்க வேண்டும். அதற்கு வசதியாக நீளமான கம்பி ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். மீட்டர் காட்டும் எண், வரும் வழியில் இழந்த அழுத்தம். அரை வோல்ட் வரை பொறுக்கலாம். இரண்டு வோல்ட் என்றால் வழியில் எங்கோ கேடு இருக்கிறது. பிறகு ஒரு முனையைப் பேட்டரியிலேயே விட்டுவிட்டு மற்றதை, ஏ.சி. வண்டியானால் ரிலே, அதன் தனி ஃப்யூஸ் என்றும், ஏ.சி. இல்லாத வண்டியானால் ரெசிஸ்டரின் கனெக்டர், ஸ்விட்ச், ஃப்யூஸ் என்றும் ஒவ்வொன்றாகப் பின்னோக்கி நகர்த்த வேண்டும். எந்த இணைப்பைத் தாண்டியதும் எண் சட்டென்று குறைகிறதோ, கோளாறு அந்த இணைப்பில். எர்த் பக்கத்தையும் இப்படியே, மோட்டாரின் கறுப்புக் கம்பி முனைக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையில் அளக்க வேண்டும். அங்கே 0.2 வோல்ட்டுக்கு மேல் இருந்தால், துருவை உலோகம் தெரியும்வரை சுரண்டி எர்த்தைப் புதிதாக முடுக்க வேண்டும்.

மோட்டார் சுற்றவே இல்லை என்றால் இந்த அளவு எடுபடாது. அப்போது பேட்டரியின் நேர்முனையிலிருந்து 30 ஆம்பியர் ஃப்யூஸ் வைத்த தனிக் கம்பியை நேரடியாக மோட்டாருக்குக் கொடுக்க வேண்டும். சுற்றினால் மோட்டாரும் எர்த்தும் குற்றமற்றவை. சுற்றாவிட்டால் எர்த்துக்கும் தனிக் கம்பி கொடுத்துப் பார்க்க வேண்டும். அதன் பிறகும் சுற்றாத மோட்டாரை ஸ்க்ரூடிரைவர் பிடியால் மெல்லத் தட்டும்போது உயிர் வந்தால் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. தட்டி ஓடவைத்த மோட்டாரை நம்பிப் பனிக்காலத்தில் நெடுந்தூரம் கிளம்பக் கூடாது.

ஃப்யூஸ் அடிக்கடி போகிறது என்பது வேறு வகைக் கோளாறு, அதன் வேர் பெரும்பாலும் மோட்டாருக்குள் இருக்கும். சுற்றும் மோட்டார் தனக்குள்ளேயே ஓர் எதிர் அழுத்தத்தை உண்டாக்கி, தான் எடுக்கும் மின்னோட்டத்தைத் தானே கட்டுப்படுத்திக்கொள்கிறது. சுருளின் தடை 0.4 ஓம் என்றும் ஓட்டம் 10 ஆம்பியர் என்றும் கொண்டால், 12 வோல்ட்டில் 8 வோல்ட்டை அந்த எதிர் அழுத்தம் தடுத்து நிறுத்தியிருக்கிறது. பேரிங் காய்ந்து, குளிரில் கிறீச்சிட்டுக்கொண்டு மெதுவாகச் சுற்றும்போது எதிர் அழுத்தம் குறைந்து மின்னோட்டம் ஏறுகிறது. முழுக்க இறுகி நின்றால் அதே மோட்டார் 30 ஆம்பியர் கேட்கும். ஃப்யூஸ் போவது அப்போது அதன் கடமை. அதற்குப் பதில் பெரிய ஃப்யூஸைச் செருகுகிறவர், ஃப்யூஸ் எரிய வேண்டிய இடத்தில் கம்பியை எரியவிடுகிறார். டாஷ்போர்டுக்கு அடியில் தீப்பிடிப்பதற்கு இதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

மின்தடையால் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது என்று ஜேம்ஸ் ஜூல் 1841இல் காட்டினார். இந்தச் சுற்றின் உருகிய பிளாஸ்டிக்குகள் அனைத்தும் அந்த விதியின் சாட்சிகள். 12 கேஜ் செம்புக் கம்பியின் தடை மீட்டருக்கு ஏறத்தாழ 5 மில்லிஓம். மூன்று மீட்டர் நீளத்தில் 15 ஆம்பியர் ஓடினால் கால் வோல்ட்கூட இழப்பில்லை. அதே பாதையில் பிடி தளர்ந்த ஒரே ஒரு முனையில் 0.1 ஓம் இருந்தால் 1.5 வோல்ட் இழப்பு, 22 வாட்டுக்கு மேல் வெப்பம், அதுவும் நகக்கண் அளவு இடத்தில். சூட்டில் பித்தளை முனை தன் விறைப்பை இழக்கிறது, பிடி மேலும் தளர்கிறது, ஆக்சைடு படிகிறது, தடை கூடுகிறது, சூடு மேலும் ஏறுகிறது. ரெசிஸ்டரின் கனெக்டரும், ஸ்விட்சின் பின்புறக் கனெக்டரும், ஃப்யூஸ் பெட்டி ஃபயர்வாலைத் துளைத்து என்ஜின் அறை வயரிங்கோடு சேரும் பெரிய கனெக்டரும் இப்படித்தான் பழுப்பேறி உருகுகின்றன. கருகிய பழைய கனெக்டரிலேயே புது ரெசிஸ்டரைச் செருகுவது பழுதுபார்ப்பு ஆகாது. சூட்டில் விறைப்பிழந்த முனை புதிய பாகத்தின் முனையையும் சுட்டுக் கெடுக்கும்.

எனவே ரெசிஸ்டரை மாற்றும்போது கனெக்டரையும் சேர்த்து மாற்ற வேண்டும். கம்பியில் செம்பு கறுத்திருக்கும் அளவுக்குப் பின்வாங்கி, பளபளப்பான உலோகம் தெரியும் இடத்தில் வெட்ட வேண்டும். முனைகளை அவற்றுக்குரிய கருவியால் நசுக்கிப் பிணைத்து, சூட்டில் சுருங்கும் உறையால் மூட வேண்டும். இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி விடுவது என்ஜின் அறைச் சூட்டில் ஒரு கோடையைக்கூடத் தாண்டாது. புதுக் கம்பி பழையதைவிட மெல்லியதாக இருக்கக் கூடாது. இந்த வேலைகளுக்கெல்லாம் முன்பு பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட வேண்டும். ஃபயர்வால் சந்திப்பு முனைக்கு வரும் கம்பி சாவியை அணைத்தாலும் உயிரோடுதான் இருக்கும்.

மற்ற நிறுவனங்களின் வண்டிகளுக்கு இந்த வரைபடத்தை அப்படியே பொருத்தக் கூடாது. 1980களின் பிற்பாதி, 1990களின் ஃபோர்டு எஃப் வரிசையிலும் டொயோட்டா பிக்கப்களிலும் ஸ்விட்சும் ரெசிஸ்டரும் மோட்டாருக்குப் பின்னால், எர்த் பக்கத்தில் இருக்கின்றன. அங்கே ஃப்யூஸிலிருந்து வரும் மின்னழுத்தம் முதலில் மோட்டாரை அடைகிறது. திரும்பும் வழியைத்தான் ஸ்விட்ச் திறந்து மூடுகிறது. அதில் திரும்பும் வழி அறுந்திருந்தால் மோட்டாரின் இரண்டு முனைகளிலும் 12 வோல்ட் தெரியும், விசிறி மட்டும் சுற்றாது. திரும்பும் கம்பி உரசி வண்டி உடலைத் தொட்டுவிட்டால் ஃப்யூஸ் போகாது. மாறாக விசிறி முழு வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும், ஸ்விட்சுக்குக் கட்டுப்படாது. செவ்ரோலேயில் பழகியவர் அங்கே தடுமாறுவார். அந்தந்த ஆண்டுக்குரிய வயரிங் வரைபடத்தை முன்னால் வைத்துக்கொண்டு தொடங்குவதே நல்லது.

வேலை முடிந்ததா என்பதை விசிறியின் ஓசையை வைத்துத் தீர்மானிக்க வேண்டாம். என்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட்டையும் போட்டு, விசிறியை முழு வேகத்தில் இருபது நிமிடம் விட்டு வையுங்கள். பிறகு ரெசிஸ்டர், ஸ்விட்ச், ஃப்யூஸ் பெட்டி ஆகியவற்றின் கனெக்டர்களைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இருக்கலாம், கை பொறுக்காத சூடு இருந்தால் அந்த இணைப்பை மறுபடி திறக்க வேண்டும். கடைசியாக, ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரின் இரு முனைகளுக்கு இடையிலும் பேட்டரியின் இரு முனைகளுக்கு இடையிலும் அளந்து பாருங்கள். பேட்டரியில் 14 வோல்ட் இருந்து மோட்டாரில் 13.3க்குக் குறையாமல் இருந்தால் அந்தச் சுற்று இன்னும் பல பனிக்காலங்களுக்கு உழைக்கும்.